ஆணுறை: 98-க்கும் 87-க்கும் நடுவே

“நூத்துக்கு எவ்வளவுங்க கியாரண்டி?”

என் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்கள் ஆணுறையைப் பற்றி முதலில் கேட்பது இதைத்தான். நாமக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவது என் வேலை. லாரி ஊர் என்பதால் ஓட்டுநர்களும் கிளீனர்களும் நிறைய வருவார்கள். கோழிப்பண்ணை வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமான பையன்கள், அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கிற தம்பதிகள் என்று மற்றவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே ஒரு எண் வேண்டும். நான் இரண்டு எண் சொல்வேன்: 98, 87.

ஒவ்வொரு தடவையும், தொடக்கம் முதல் கடைசி வரை, சரியாகப் போட்டால் கருத்தடைக்கு 98. நடைமுறையில் ஜனங்கள் பயன்படுத்துகிற லட்சணத்தில் 87. இதைக் கேட்டவுடன் “அப்ப அம்பது தடவைக்கு ஒரு தடவை மாட்டிக்குவோமா?” என்பார்கள். கணக்கு அப்படிப் போடுவதில்லை. நூறு ஜோடிகள் ஓராண்டு முழுக்க ஆணுறையை மட்டும் நம்பியிருக்கிறார்கள் என்று வையுங்கள். எல்லாரும் தவறாமல், சரியாகப் பயன்படுத்தினால் ஆண்டு முடிவில் 2 பேருக்குக் கரு தங்கியிருக்கும். நடைமுறையில் 13 பேருக்குத் தங்குகிறது. எந்தத் தடுப்பும் இல்லாமல் இருந்தால் 85 பேருக்கு. இவை பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்த எண்கள். நம் ஊருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் அளவு இதுதான்.

பக்கத்திலேயே மற்றவற்றையும் வைத்துப் பார்த்தால் விளங்கும். தினமும் போடும் கருத்தடை மாத்திரையில் நடைமுறைக் கணக்கு 7. காப்பர்-டியில் ஒன்றுக்கும் கீழே. ‘கடைசி நேரத்தில் வெளியே எடுத்துவிடுவேன்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களில் 20. இந்தக் கடைசி எண்ணைச் சொல்லும்போது எதிரே இருக்கிற ஆணின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2-க்கும் 13-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பதினோரு பேருக்கு என்ன ஆயிற்று? ரப்பர் மோசம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் ரப்பர் மேல் தப்பில்லை. அன்றைக்குக் கையில் இல்லை, ‘சேஃப் டேஸ்’ என்று விட்டுவிட்டார்கள், பாதியில் போட்டார்கள், போட்டதைச் சரியாகப் பிடிக்காமல் எடுத்தார்கள். அந்தப் பதினோரு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் உள்ள அரசு ஆலையில் 1969-லிருந்து ஆணுறை தயாராகிறது. அதற்கு முந்தின ஆண்டு, ‘நிரோத்’ என்ற பெயரில் அரசின் ஆணுறைத் திட்டம் தொடங்கியபோது, தேயிலையும் சோப்பும் விற்கிற கம்பெனிகளின் விற்பனை வலையில் ஏறித்தான் அது பெட்டிக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எந்த ஆலையாக இருந்தாலும், ஒவ்வோர் உறையையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் செலுத்திப் பார்ப்பார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மின்சாரம் கடந்துவிடும். அது கழிவுக்குப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சிலவற்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். காற்றடித்து வெடிக்கவும் வைப்பார்கள். சாதாரண அளவு உறை குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும். ஒரு பெரிய குடம் நிறையக் கொள்ளுகிற காற்று. ‘என் வேகத்துக்குத் தாங்காதுங்க’ என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லி உட்கார வைப்பேன். ‘எச்.ஐ.வி. கிருமி ரப்பரில் உள்ள துளை வழியாகப் போய்விடும்’ என்பதும் அடிக்கடி வரும். கிழியாத லேடெக்ஸ் உறை வழியாக அந்தக் கிருமி போகாது. அரசு இலவசமாகத் தருவது மட்டம், கடையில் வாங்குவது ஒசத்தி என்பதும் வெறும் நம்பிக்கை. காசுக்கு வாசனை, மெல்லிய தன்மை, புள்ளி, கோடு கிடைக்கும், பாதுகாப்பு ஒன்றுதான்.

வாங்குவதும் வைப்பதும்

அட்டையில் காலாவதித் தேதி இருக்கும். பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து ஐந்து வருஷம் வரை. பெரிய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு உதிரியாக வைத்திருப்பவர்கள், உள்ளே இருக்கிற சின்ன பாக்கெட்டிலும் தேதி அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி நம் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள். நானே சொல்லிவிடுகிறேன். அட்டையில் 49, 52, 53, 56 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். அது நீளம் இல்லை. உறையைத் தட்டையாக வைத்தால் வருகிற அகலம். விறைத்த நிலையில் ஆண்குறியின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 10.5 செ.மீ. வரைக்கும் என்றால் 49, பதினொன்று பதினொன்றரை என்றால் 52 அல்லது 53, 12-க்கு மேலே என்றால் 56 என்று ஏறத்தாழ வைத்துக்கொள்ளலாம். லூசாக இருந்தால் உள்ளேயே கழன்றுவிடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் வலிக்கும், கிழியும், அடுத்த தடவை போடவே மனசு வராது. ‘எனக்கு எப்பவும் கழண்டுடுதுங்க’ என்று சொன்ன பலருக்கு, அகலம் குறைந்த ஒன்றை மாற்றி வாங்கியதும் தொந்தரவு தீர்ந்திருக்கிறது. ‘லார்ஜ்’ என்று கேட்டு வாங்குவதில் கௌரவம் எதுவும் இல்லை.

வைக்கிற இடம்தான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. லேடெக்ஸுக்குச் சூடும் வெயிலும் உரசலும் ஆகாது. ஓட்டுநர் ஒருவர் கேபினிலிருந்து எடுத்துவந்த பாக்கெட் ஒன்றை என் மேஜை மேல் வைத்தார். டேஷ்போர்டில், கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. மேலே அச்சடித்த எழுத்து வெளுத்துப்போயிருந்தது. பிதுக்கினால் உள்ளே காற்று இல்லை, ஜெல் வழுக்கவில்லை. பிரித்துப் பார்த்தோம், உறை சுருளோடு சுருள் ஒட்டிக்கொண்டு, விரித்தபோது ஓரம் பொடிந்தது. தேதி முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சித்திரை வெயிலில் நிற்கிற லாரியின் கேபினும், பைக் டேங்க் கவரும், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள இடமும் அடுப்படி மாதிரிதான். அங்கே வைத்தால் அட்டையில் உள்ள தேதிக்கு அர்த்தம் இல்லை. பர்ஸும் சரிப்படாது. உட்கார்ந்து உட்கார்ந்து நசுங்கி, பர்ஸ் தோலில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அன்றைக்குத் தேவைப்படும் என்றால் சட்டைப்பையில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். மற்றபடி வீட்டில் பீரோவில், துணிக்கு நடுவில். லாரியில் போகிறவர்கள் மாற்றுத்துணிப் பைக்குள், ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எஞ்சின் பக்கம் வராமல் வைத்துக்கொள்ளுங்கள்.

போடுவது

டிராயரில் மரத்தால் செய்த ஆண்குறி மாதிரி ஒன்று இருக்கிறது. அதை எடுத்து வைத்ததும் சிரிப்பு வரும், வரட்டும். “எனக்குத் தெரியுமுங்க மேடம்” என்பவரிடம் “சரி, போட்டுக் காட்டுங்க” என்று ஒரு பாக்கெட்டை நீட்டுவேன். முக்கால்வாசிப் பேர் முதல் காரியமாக அதைப் பல்லுக்குக் கொண்டுபோவார்கள்.

பல்லும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். முதலில் பாக்கெட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். காற்றுக் குமிழ் எதிர்த்து நின்றால் பாக்கெட்டில் ஓட்டை இல்லை. உறையை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மறுபக்க ஓரத்தில் ரம்பம் மாதிரி வெட்டியிருக்கிற இடத்தில் கிழியுங்கள். நகம் நீளமாக இருந்தால் கவனம், மோதிரமும் அப்படித்தான்.

அடுத்தது எந்தப் பக்கம் மேலே என்பது. இருட்டில் அவசரத்தில் தப்பாகிற இடம் இதுதான். சுருள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், நுனியில் உள்ள சின்னக் குமிழ் மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சரியான பக்கமாக இருந்தால் விரல் பட்டதும் கீழே உருளும். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அப்போது எல்லாரும் செய்வது, திருப்பி அதையே மறுபடி போடுவது. செய்யாதீர்கள். விந்து வருவதற்கு முன்பே கசிகிற நீரில் கிருமி இருக்கலாம், சிலருக்கு விந்தணுவும் இருக்கும். அது இப்போது உறையின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். ஆகவே எப்போதும் இரண்டாவது ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

ஆண்குறி முழுதும் விறைத்த பிறகு, ஆனால் துணையின் உறுப்பில் படுவதற்கு முன்பு போட வேண்டும். சுன்னத் செய்யாதவர்கள் முன்தோலைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நுனிக் குமிழை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, உள்ளே காற்று இல்லாமல் செய்து, மறுகையால் அடி வரைக்கும் உருட்டுங்கள். அடிவரை என்றால் மயிர் தொடங்கும் இடம் வரைக்கும். பாதியில் நிறுத்தினால் அந்தப் பாதியிலிருந்தே சுருண்டு மேலே ஏறும். நுனியைக் கிள்ளாமல் விட்டால் விந்து போய்ச் சேர இடம் இருக்காது. காற்றும் அடைபட்டு நிற்கும். கிழிவதற்கு அது ஒரு காரணம்.

நடுவில் உறை சுருண்டு வருகிற மாதிரி தோன்றினால் நிறுத்தி, கையால் தொட்டுப் பாருங்கள். சரியாகப் போட்ட உறை கிழிவது நூற்றில் ஒன்றோ இரண்டோதான். கிழிந்தால் சட்டென்று சூடு, வழுக்கல் மாறுவது தெரியும். பெண்களிடமும் சொல்கிறேன், கையை வைத்துப் பார்ப்பது உங்கள் வேலையும்தான்.

எடுப்பதும் அதே அளவு முக்கியம். விந்து வந்த பிறகு அப்படியே படுத்துக்கிடக்கக் கூடாது. தளர்வதற்கு முன், அடியில் உள்ள வளையத்தை விரலால் பிடித்துக்கொண்டே உறுப்பை வெளியே எடுக்க வேண்டும். பிடிக்காமல் எடுத்தால் ஆள் வெளியே, உறை உள்ளே. இப்படி நடந்து, உள்ளே போன உறை வயிற்றுக்குப் போய்விட்டதாகப் பயந்து வந்த பெண்கள் உண்டு. எங்கேயும் போகாது, சுத்தமான விரலை விட்டு எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷ வேலை. கர்ப்பத்துக்கும் தொற்றுக்கும் வேண்டிய அடுத்த ஏற்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். கழற்றியதை முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொண்டு, கடைசியில் மாமனார்தான் ஆள் கூட்டிவருவார்.

ஒரு தடவைக்கு ஒன்று. மறுபடி வேண்டுமென்றால் புதியது. கழுவிப் போடுவது கூடவே கூடாது. ‘டபுள் பாதுகாப்பு’ என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் வேண்டாம். இரண்டும் உரசிக் கிழியும்.

தேங்காய் எண்ணெய்

இதற்குத் தனியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான். லேடெக்ஸ் ஆணுறையில் எண்ணெய்ப் பொருள் எது பட்டாலும் ரப்பர் வலுவிழக்கும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின், பேபி ஆயில், முகத்துக்குப் போடும் கோல்டு கிரீம், நெய் எல்லாம் அதில் சேர்த்தி. சோதனைக்கூடத்தில் பேபி ஆயில் தடவிய உறை ஒரு நிமிஷத்திலேயே தன் வலுவில் பெரும்பகுதியை இழந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வழுக்கும், நன்றாகத்தான் இருக்கும், திடீரென்று போய்விடும். நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டில் ஒரு உறையை ஊதி, எண்ணெய்க் கையால் தேய்த்துப் பாருங்கள்.

வறட்சி இருந்தால் தண்ணீரில் கரையும் ஜெல் வாங்குங்கள். மெடிக்கலில் ‘லூப்ரிகண்ட் ஜெல்’ என்று கேட்டால் கிடைக்கும். சிலிக்கான் ஜெல்லும் ஆகும். எச்சில் சீக்கிரம் காய்ந்துவிடும். பிரசவம் ஆகித் தாய்ப்பால் கொடுக்கிற பெண்களுக்கும், மாதவிலக்கு நிற்கிற வயதுப் பெண்களுக்கும் வறட்சி சகஜம். அவர்களோடு உறவின்போது உறை கிழிகிறது என்றால் குறை உறையில் இல்லை. பின்வழி உறவில் ஜெல் இல்லாமல் ஆணுறை தாங்காது, எச்.ஐ.வி. தொற்றுக்கும் அங்கேதான் ஆபத்து அதிகம்.

‘கிருமிநாசினி சேர்த்தது’, ‘விந்தணுக்கொல்லி’ என்று போட்டிருப்பதைத் தேடி வாங்க வேண்டாம். நோனாக்சினால்-9 என்ற அந்த மருந்தை அடிக்கடி பயன்படுத்தினால் உள்தோல் புண்ணாகி எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. நேரத்தை நீட்டிக்கும் ரகத்தில் மரத்துப்போகும் மருந்து இருக்கும். அது உட்பக்கம்தான் இருக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டால் மரத்துப்போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. லேடெக்ஸ் பட்டால் அரிப்பு, தடிப்பு வருகிறவர்களுக்கு வேறு பொருளில் செய்தவை பெரிய மெடிக்கல்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன.

எந்த நோய்க்கு எவ்வளவு

இங்கே ஒரே எண் சொல்ல முடியாது. கிருமி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விந்து, பெண்ணுறுப்பின் நீர், ரத்தம் வழியாகப் பரவும் கிருமிக்கு ஆணுறை நல்ல அரண். தோலோடு தோல் பட்டுப் பரவுகிற கிருமிக்கு, உறை மூடியிருக்கிற இடத்தில் மட்டும்தான் காவல். விதைப்பை, தொடை இடுக்கு, பெண்ணின் வெளி உதடுகள் எல்லாம் திறந்துதான் கிடக்கின்றன.

முதல் வகையில் எச்.ஐ.வி., வெட்டை நோய், கிளமீடியா, டிரைக்கோமோனஸ், மஞ்சள்காமாலை-பி. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண்-பெண் ஜோடிகளைப் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். எப்போதும் ஆணுறை போட்ட ஜோடிகளில், போடவே போடாத ஜோடிகளைவிட ஏறத்தாழ 80 சதவீதம் குறைவாகத் தொற்றியது. ஏன் 98 இல்லை என்று கேட்பீர்கள். ‘எப்போதும் போடுகிறோம்’ என்பது அவர்கள் வாயால் சொன்னது. சரியாகப் போட்டார்களா என்று யாரும் கட்டிலுக்கடியில் இருந்து பார்க்கவில்லை. ஆக 80 என்பது மனிதர்களையும் சேர்த்த எண்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். அன்றைக்கு மருந்து கிடையாது. இன்றைக்குக் கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றுவதில்லை. அப்படிப்பட்ட தம்பதிகளிடமும் ஆணுறை பற்றிப் பேசுகிறோம்; கருத்தடைக்கும் மற்ற தொற்றுகளுக்கும் அது வேண்டியிருக்கிறது. குழந்தை வேண்டும் என்றால், கூட்டு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மைய மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

இரண்டாம் வகையில் கிரந்தி எனப்படும் சிபிலிஸ், பிறப்புறுப்பு ஹெர்பிஸ், பாலுண்ணி, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. சிபிலிஸ் புண் உறைக்குள் அடங்கினால் காப்பு உண்டு. வெளியே இருந்தால் இல்லை. ஹெர்பிஸில் எப்போதும் போடுகிறவர்களுக்கு ஆபத்து 30 சதவீதம்தான் குறைகிறது. எச்.பி.வி.யில் 2006-ல் வந்த அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவிகள் ஆய்வில், துணைவர் ஒவ்வொரு தடவையும் ஆணுறை போட்டவர்களுக்குத் தொற்று 70 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல எண்தான், ஆனால் முழுக் காப்பு இல்லை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டால் பலன் அதிகம். 30 வயது தாண்டிய பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். சொறிசிரங்கையும் பேனையும் ஆணுறை தடுக்காது.

வாய்வழி உறவில் கர்ப்பம் இல்லை என்பதால் உறையே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். வெட்டையும் சிபிலிஸும் தொண்டைக்கும் வாய்க்கும் வரும். வாசனை போட்ட ரகம் அதற்காகத்தான் வந்தது.

புண், சீழ், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்க எரிச்சல் ஏதாவது இருந்தால், ஆணுறை இருக்கிறதே என்று உறவு வேண்டாம். அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள், மருந்து இலவசம். துணைக்கும் சேர்த்து வைத்தியம் ஆக வேண்டும். ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் அடுத்த மாதம் அதே எரிச்சலோடு என் முன்னால் வந்து உட்காருவீர்கள்.

‘ஆப்பரேஷன் பண்ணியாச்சு’

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்குச் செய்கிற அறுவை சிகிச்சைதான். அது முடிந்ததும் வீட்டில் ஆணுறைக்கு வேலையில்லை என்று ஆகிவிடுகிறது. குழாயை முடிச்சுப் போட்டால் கரு தங்காது, சரி. கிருமிக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? மாத்திரைக்கும் காப்பர்-டிக்கும் இதே கேள்விதான். மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருக்கிற கணவன், வெளியில் உறவு இருக்கிறதென்றால், வீட்டுக்கு வரும்போது ஆணுறை போட்டுத்தான் ஆக வேண்டும். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது இன்னும் கட்டாயம். அந்த நேரத்தில் தாய்க்கு வரும் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் குழந்தைக்கும் போகும்.

‘போட்டுக்கங்கன்னு சொன்னா என்னையச் சந்தேகப்படுறாருங்கக்கா’ என்கிறார்கள் பெண்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தருகிற வழி கொஞ்சம் சுற்றுவழி: ‘வெள்ளைப்படுதலுக்கு மருந்து சாப்பிடறேன், டாக்டரம்மா போட்டுக்கச் சொன்னாங்க’. பொய் சொல்லச் சொல்கிறேனே என்று யாராவது திட்டினால் திட்டட்டும். பெண்ணே போட்டுக்கொள்ளும் பெண்ணுறையும் இருக்கிறது. நடைமுறைக் கணக்கில் நூற்றுக்கு 21 பேருக்குக் கரு தங்குகிறது, விலையும் கூட, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இருந்தாலும் அவள் கையில் இருக்கிற ஒரே சாதனம் அது.

ஆண் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு ஒன்று: சிகிச்சை முடிந்த அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

கிழிந்துவிட்டால்

பதறிப்போய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது, டெட்டால் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். உள்தோல் புண்ணாகும், கிருமிக்கு வழி இன்னும் சுலபமாகும். வெளியே சாதாரணமாகத் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள், போதும். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள்.

கருவுக்கு: அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள். மூன்று நாள் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது, முதல் நாளில் போட்டால்தான் பலன் அதிகம். நம் பக்கத்து மெடிக்கல்களில் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். கடை கடையாக அலைந்து நேரத்தைப் போக்காமல் மகப்பேறு மருத்துவரிடமே போய்விடுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் மாத்திரையைவிடவும் உறுதி, தொடர்ந்து கருத்தடையாகவும் ஆகிவிடும்.

எச்.ஐ.வி.க்கு: துணைக்கு இருக்கிறது என்று தெரிந்தாலோ, பலமான சந்தேகம் இருந்தாலோ, உடனே அரசு மருத்துவமனைக்கு. இரவு என்றால் அவசரப் பிரிவு. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர் விசாரித்து முடிவு செய்வார். தொடங்கினால் 28 நாள் ஒரு வேளை விடாமல் சாப்பிட வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே ஓடிவந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ‘நெகட்டிவ்’ என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறவர்கள் பலர். அந்தப் பரிசோதனை அதற்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். இந்தச் சம்பவத்தால் தொற்றியதா என்பது மூன்று மாதம் கழித்து எடுக்கிற பரிசோதனையில்தான் உறுதியாகும். முதல் பரிசோதனையும் வேண்டும், மூன்றாம் மாதப் பரிசோதனையும் வேண்டும். சிபிலிஸுக்கும் மஞ்சள்காமாலை-பிக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ள மூன்று மாதமும் வீட்டிலும் ஆணுறை. கிளம்பும்போது வாசல் பக்கத்துப் பெட்டியில் இலவசமாக இருக்கிறது, ஒரு கை அள்ளிக்கொண்டு போங்கள். யாரும் எண்ண மாட்டோம்.